கோழித் தண்ணீர்

விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மயிலம்மாளுக்கு இது நான்காவது நடை. காண்டாக் கம்பின் இரு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரம், தகரம் நிறையக் கிணற்றுத் தண்ணீர். தோள் புண்ணில் கம்பு அழுத்தியபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். மேட்டில் துரையின் நானூறு வெள்ளைக் கோழிகள் காத்திருந்தன.

கோலா பிலா பக்கம் இரண்டு மாதமாக மழை இல்லை. இந்த வெக்கையில் தண்ணீர் தப்பினால் கோழி முட்டையை நிறுத்திவிடும். அதனால் மூன்று வேளையும் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்; தொட்டி நிழலில் இருக்க வேண்டும்; பாசி பிடிக்கக் கூடாது. முட்டை போர்டிக்சன் பட்டாளத்துக்குப் போகிறதல்லவா. மனிதருக்கு அப்படியொரு சட்டம் கிடையாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாய் நாளுக்கு ஒரு மணி நேரம்தான். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டதிலிருந்து, ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் தண்ணீர்ப் போத்தலையும் முள்வேலி வாசலில் பிடுங்கிக்கொள்கிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். இது என்ன நியாயம்?

நடுப்பகலில், கோழிக்கூண்டு மேட்டுக்குக் கீழே, மரம் வெட்டித் திரும்பிய ராக்கம்மா பால் வாளியோடு சுருண்டு விழுந்தாள். கண் செருகிவிட்டது. மயிலம்மாள் யோசிக்கவே இல்லை. கோழிக்குக் கொண்டுபோன ஒரு தகரத்தை அவள் தலையில் ஊற்றினாள், மற்றதிலிருந்து வாயில் புகட்டினாள். மிச்சத்தை ஓடிவந்த மற்றவர்கள் குடித்தார்கள். திரும்பிப் போனால், வேலையை மேய்க்கும் மண்டோர் கிணற்று மூடியைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். சாயங்காலத்துக்குள் பதினொரு கோழிகள் வாய் பிளந்து செத்தன.

துரை கங்காணித் தமிழ் பேசுவார்.

"யார் கேட்டு கோழித் தண்ணி குடுத்தே?"

"உசுரு போற நேரத்துல யாரைக் கேக்கிறது தொரை?"

"ஆளு நெறைய இருக்கு. கோழி கப்பல்ல வந்தது."

"நாங்களும் கப்பல்லதான் வந்தோம்" என்றாள் மயிலம்மாள்.

துரையின் முகம் சிவந்தது. "பேர் வெட்டு" என்றார் கணக்கெழுதும் கிராணியிடம். பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? லயத்து அறையும் போகும். வேலிக்கு வெளியே தனியாகத் திரிகிற பெண்ணைப் பட்டாளம் என்னவென்று நினைக்கும்?

மறுநாள் விடியலில் பெரட்டு. ஐந்து பேர் கூடி நின்றாலே குற்றமாக இருந்த காலம் அது. பெரட்டுக்கு மட்டும் இருநூறு பேரையும் கம்பெனியே வரிசையில் நிறுத்தும். பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அன்றைக்கு வேலை.

கிராணி திருநாவுக்கரசு மயிலம்மாளின் பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போனார்.

"முனியாண்டி."

முனியாண்டி எதிரில்தான் நின்றார். வாய் திறக்கவில்லை.

"பஞ்சாலை."

சத்தமில்லை.

"ராக்கம்மா."

"மயிலம்மா பேரு வுட்டுப்போச்சு கிராணி" என்றாள் ராக்கம்மா. "அதைக் கூப்பிடுங்க. அப்புறம் நாங்க இருக்கோம்."

"எல்லாம் கம்யூனிஸ்ட்" என்று துரை கத்தினார். "போலீஸ் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க தொரை" என்றார் முனியாண்டி. "நீங்க நிக்கச் சொன்ன எடத்துலதான் நிக்கிறோம்."

துரை போன் பண்ண ஆபீசுக்கு நடந்தார். வெயில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கோலா பிலா ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வரிசை கலையவில்லை. வேலியோரம் தனியாக நின்ற மயிலம்மாளை ராக்கம்மா கையைப் பிடித்து இழுத்து, தனக்கும் பஞ்சாலைக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டாள்.