அக்கா சொல்லாமல் விட்டது

அக்காவின் தையற்கடையில் கூட்டம் ஓய்ந்த மதிய நேரம். பள்ளி வேன் ஓட்டும் தங்கை புதுச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். அக்கா டேப்பை அவள் மார்பைச் சுற்றிப் பிடித்தாள்.

"இடது பக்கம் மெதுவாக்கா. ஒரு கட்டி இருக்கு. வலிக்கல, அதான் அப்படியே விட்டுட்டேன்."

அக்காவின் கை நின்றது. "எப்பலேர்ந்து?"

"லீவு விட்டதுலேர்ந்து. கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும். நம்ம குடும்பத்துல யாருக்கு என்ன வந்துச்சு?" தங்கை சிரித்தாள்.

சில வருடங்களுக்கு முன் அக்காவுக்கு நடந்தது கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொந்தம் முழுக்க நம்பியிருந்தது. "மார்புல புற்றுநோய்னு தெரிஞ்சா நம்ம பொண்ணை எவன் கட்டுவான்?" என்று கணவர் வாயை அடைத்துவிட்டார். தலைமுடி கொட்டிய மாதங்களில் யார் கண்ணிலும் படாமல் வெளியூரில் ஒதுங்கிக் கிடந்தாள். இப்போது வாய் திறந்தால் அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். திறக்காவிட்டால்?

கடைக் கதவைச் சாத்தினாள். தங்கையின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தாள்.

"என்னக்கா, பஞ்சு மாதிரி இருக்கு?"

"பஞ்சுதான். நானே தைச்சு வச்சுக்கிட்டேன்."

தங்கைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அழுதாள்; பிறகு கத்தினாள். "எங்க ஸ்கூல்லயே இதுக்கு முகாம் போட்டாங்க. டீச்சருங்க எல்லாம் போய்ப் பாத்துக்கிட்டாங்க. நமக்கெதுக்குன்னு நான் வண்டியிலயே உக்காந்திருந்தேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா கடையைப் பூட்டினாள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை போன் அடித்தாலே இருவரும் ஓடிப்போய் எடுத்தார்கள்.

புற்றுநோய்தான். நல்லவேளை, பரவவில்லை.

"குணமாக்கிடலாம்," என்றார் டாக்டர். "ஆனா அக்காவுக்கு வந்தப்பவே இவங்களும் வந்து பாத்திருக்கணும். கூடப் பிறந்தவங்களுக்கு ஆபத்து கொஞ்சம் அதிகம்."

"நான்தான் மறைச்சுட்டேன் டாக்டர்," என்றாள் அக்கா.

வீட்டில் கணவர் காத்திருந்தார். "உன் தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியாமே! இனி பொண்ணோட கதி?"

வழக்கமாக அடங்கிப்போகிறவள் அன்று அடங்கவில்லை. மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"இவளையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எந்த வயசுலேர்ந்து பாத்துக்கணும்னு கேக்கப் போறேன். எனக்கு நோய் வந்தது யார் தப்பும் இல்லீங்க. வந்ததை ரத்த சொந்தத்துகிட்ட மறைச்சோமே, அதுதான் தப்பு. நம்ம கௌரவத்தைக் காப்பாத்தறதா நெனச்சு, என் தங்கச்சி உயிரைப் பணயம் வச்சுட்டோம்."