சீடியில் இருந்த எங்க பாதி

மீனாட்சிபுரத்துல பெரியம்மாளோட கும்மிக் குழுவுக்கு வாத்தியார்னா பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர்தான். அவர் ஒரு அடி பாடுவார், பொம்பளைங்க அதையே திருப்பிப் பாடிக் கைதட்டி ஆடுவாங்க. அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி, இனிப் பாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நல்லவேளை, அதுக்கு முன்னாடியே பாட்டையெல்லாம் சீடியில பதிஞ்சு கொடுத்திருந்தார். ஒரு அடி அவர் குரல், அப்புறம் சித்த நேரம் சத்தமே இருக்காது, மறுபடி அவர் குரல். அந்தச் சத்தமில்லாத எடத்துலதான் இவங்க பாடணும். மாடு கறந்து, சொசைட்டியில பாலை ஊத்திட்டு வந்து, தினமும் சாயங்காலம் பெரியம்மாள் ஊட்டு வாசல்ல சீடியைப் போட்டு ஆடிப் பழகுவாங்க.

இந்த வருசம் மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் முன்னால ஆட இவங்களுக்கு எடம் கிடைச்சுது. சும்மா கிடைக்கல. வாத்தியாரே இல்லாத குழு என்னத்த ஆடும்னு கமிட்டி ஆம்பளைங்க நக்கலடிச்சாங்க. பெரியம்மாள் விடாம சண்டை கட்டி வாங்கினா. கூத்தடிச்சு வெச்சீங்கன்னா அடுத்த வருசம் இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லித்தான் கொடுத்தாங்க.

மைக்செட்டு வேல்முருகன், சீடியெல்லாம் இப்ப எங்கயும் போடறதில்லீங்கக்கா, பென்டிரைவுல ஏத்திக் குடுங்கன்னான். இதுக்குன்னே காத்துக்கிட்டிருந்த மாதிரி, நான் பாத்துக்கறேன்னு முன்னால வந்தார் பெரியம்மாளோட வீட்டுக்காரர் சென்னிமலை. மகள் விட்டுட்டுப் போன லேப்டாப்பைத் தொட்ட நாள்ல இருந்து அந்த மனுசனுக்குத் தலைகால் புரியல. இவளும் நம்பிக் கொடுத்தா. வேற யாருகிட்டயாச்சும் கொடுத்திருக்கலாம்.

நோம்பியன்னைக்குக் காலையிலதான் பென்டிரைவை நீட்டினார். சீடியெல்லாம் எங்கீங்கன்னா, கடலைக்காட்டைக் கை காட்டறார். மயிலை விரட்டறதுக்கு நூல்ல கட்டிக் குச்சிக்குக் குச்சி தொங்கவிட்டிருக்கார். அது காத்துல ஆடிக் குச்சியில உரசி, ஒவ்வொண்ணும் கீறிக் கிடக்குது. பெரியம்மாள் சத்தம் போட்டா. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ய மாட்டீங்களான்னா, எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்குது புள்ள, நீளமா கிடந்ததைப் பாதியாக் குறைச்சுக் கச்சிதமாப் பண்ணியிருக்கேன்னு பெருமை வேற. கச்சிதம்னா என்னன்னு விசாரிக்க அவளுக்கு நேரமில்ல. பொங்கல் வெக்கப் போகணும்.

சாயங்காலம் கோயில் முன்னால நல்ல கூட்டம். ஒரே நிறச் சேலையில வட்டமா நின்னாங்க. வாத்தியார் குரல் முதல் அடியைப் பாடி முடிச்சுது. இவங்க வாயைத் தொறக்கறதுக்குள்ள ரெண்டாவது அடி வந்துருச்சு, அது முடியறதுக்குள்ள மூணாவது. பாடறதா ஆடறதான்னு தெரியாம, ஆளுக்கொரு பக்கம் திரும்பி, ஒருத்தி மேல ஒருத்தி மோதி, வட்டமே கலைஞ்சுபோச்சு. கமிட்டிக்காரங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. பொத்தாமலும் சிரிச்சாங்க.

பெரியம்மாள் நேரா மைக்செட்டுக்குப் போனா. வேல்முருகன் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தார் சென்னிமலை.

"நடுநடுவுல ஒண்ணுமே இல்ல புள்ள, வெறுமனே கிடந்துச்சு," ன்னார். "சத்தமில்லாத எடத்தை எடுத்துறவான்னு லேப்டாப்பு கேட்டுச்சு. எடுன்னுட்டேன்."

"பாட்டுல பாதி அவருது, பாதி எங்களுதுங்க," ன்னா பெரியம்மாள். "எங்க பாதியை மட்டும் பாத்து வெட்டியிருக்கீங்க."

அக்கா, ஒவ்வொரு அடிக்கும் நான் நிறுத்தி நிறுத்திப் போடறேன்னு வேல்முருகன் சமாதானம் பண்ண வந்தான். நீ எந்திரி தம்பி, அவர் போடட்டும்னு வீட்டுக்காரரைக் கை காட்டினா.

"எங்க நிறுத்தறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நம்மூட்டு வாசல்லதான தினமும் பாடினோம்," ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போய் வட்டத்துல நின்னுக்கிட்டா.

முதல் அடியில பாதி வார்த்தையிலயே நிறுத்தினார். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது, இந்தத் தடவை அவரைப் பாத்து. ரெண்டாவது அடியில நிறுத்தவே மறந்துட்டார். பொம்பளைங்க தூக்கின கையை இறக்காம நின்னாங்க. பெரியம்மாள் முறைச்ச முறைப்புல மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. மூணாவது அடிக்கு மெஷினைப் பாக்கறதை விட்டுட்டு அவ வாயையே பாத்தார். அவ மூச்சை இழுத்தா, இவர் நிறுத்தினார். அத்தனை பொம்பளைங்களும் ஒரே குரலாப் பாடினாங்க. அப்புறம் கடைசிப் பாட்டு வரைக்கும் அவர் கண்ணை எடுக்கல.

அடுத்த வருசமும் ஆடுங்கன்னு கமிட்டிக்காரர் ஒருத்தர் வந்து சொன்னார். பெரியம்மாளுக்கு அதுலயும் ஆத்திரம் அடங்கல. கட்டிக்கிட்டு வந்து இத்தனை வருசத்துல அவ பாடறதை அந்த மனுசன் காது கொடுத்துக் கேட்டது அன்னைக்குத்தான். அதுக்கும் ஊரே கூடிச் சிரிக்க வேண்டியிருந்துச்சு.