வேறு எதையும் தொடாது

அக்காக்காரிக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நடக்காமல் என்ன செய்வாள்? பஸ் ஓட்டும் தம்பியை மாட்டிவிட்ட சோதனைப் பட்டை இவள் ஆய்வகத்தில் பிறந்ததாயிற்றே!

டிப்போவில் திடீர் சோதனை. சிறுநீரில் பட்டையை முக்கினால் கீழே ஒரு சிவப்புக் கோடு வர வேண்டும். வந்தால் ஆள் சுத்தம். வராவிட்டால் போதை மாத்திரை. தம்பிக்கு வரவில்லை. இன்று மதியம் மேலாளர் முன்னால் அவன் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஓட்டுநர் வேலை போனாலும் பஸ் கழுவும் வேலையாவது மிஞ்சும். மறுத்து, வெளி ஆய்வகத்தில் செய்யும் பெரிய சோதனை கேட்டு, அதிலும் மாட்டினால் அதுவும் கிடையாது.

"பேசாம கையெழுத்துப் போட்டுடு" என்று நேற்று அவனிடம் சொன்னதே இவள்தான்.

"சத்தியமா நான் எதையும் தொடலைக்கா. சளிக்கு மாத்திரை போட்டேன், அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதடா. பட்டையில மருந்தை ஒட்டிப் பிடிக்கற அந்த ஆன்டிபாடி நான் பெத்து வளர்த்த பிள்ளை மாதிரி. போதை மருந்தைத் தவிர வேற எதையும் அது தொடாது."

தம்பி அதற்குமேல் வாதாடவில்லை. "சரிக்கா, போட்டுடறேன்" என்று எழுந்து போய்விட்டான். அந்த 'சரிக்கா'தான் இவளைக் குடைந்தது. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற பயல் அவன்.

வீட்டுக்காரர் சுகாதாரத் துறையில் புள்ளிவிவரம் பார்க்கிறவர். எதைக் கேட்டாலும் நூற்றுக்கு இத்தனை என்பார். மச்சினன் அவருக்கு வைத்த பெயர் 'சதவீத மாமா'. சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டார்: "உன் பட்டைக்கு ஸ்பெசிபிசிட்டி எவ்வளவு?"

"நூத்துக்கு நூறு. அலமாரியில இருந்த அத்தனை மருந்தையும் ஊத்திப் பார்த்தாச்சு. தன் ஆளை மட்டும்தான் பிடிக்குது."

"அது உங்க ஆய்வகத்து அர்த்தம். நான் கேக்கறது வேற. ஒரு தப்பும் பண்ணாத நூறு பேரை நிக்க வெச்சா, எத்தனை பேரை 'நீ போப்பா'ன்னு விட்டுடும்?"

"ஆளை வெச்சு நாங்க எங்க பார்த்தோம்? பாட்டிலை வெச்சுத்தான்."

"பாட்டில் சளி மாத்திரை முழுங்குமா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை. சளி மாத்திரையையும் அவள் சோதித்துத்தான் இருந்தாள், தண்ணீரில் கரைத்து. ஆனால் வயிற்றுக்குள் போன மாத்திரை போன மாதிரியேவா வெளியே வருகிறது? கல்லீரல் அதை உடைத்து வேறொன்றாக்கி அல்லவா அனுப்புகிறது! அந்த வேறொன்றை யாரும் பாட்டிலில் வைத்துப் பார்த்ததில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாளே மகராசி, நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

தம்பி மறந்துவிட்டுப் போன மாத்திரை அட்டை மேசையில் கிடந்தது. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"உனக்கு ஏது சளி?"

"ஒண்ணும் இல்ல. அதனாலதான் போடறேன்."

அப்புறம் உட்கார்ந்தாள், எழுந்தாள். துவைத்த துணியையே மறுபடி ஊறப் போட்டாள். தம்பியைப் போனில் கூப்பிட்டால், அணைத்து வைத்திருந்தான். டிப்போவுக்குக் கிளம்பிவிட்டானோ? மாத்திரை உடம்பில் ஊற வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் கைப்பையிலிருந்த மாதிரிப் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் தாழிட்டாள்.

வெள்ளைப் பட்டையில் ஈரம் மெல்ல ஏறியது. கோடு வந்தால் தம்பி பொய்யன். வராவிட்டால் இவள் பாவி. எதை வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பட்டை கெடவில்லை என்று காட்டும் மேல்கோடு பளிச்சென்று வந்தது. கீழ்க்கோடு வரவேயில்லை.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு வீட்டுக்காரரின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒப்புதல் தாள், கையில் பேனா.

"போடாதடா!" மூச்சிரைக்கப் பட்டையை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தான். "கோடு இல்லையே. யாருது?"

"என்னுது. உன் சளி மாத்திரையைத்தான் போட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆயிடுச்சுடா. நீ பெரிய சோதனை கேளு. அது பட்டை மாதிரி ஒட்டிப் பார்க்காது, ஒவ்வொரு மூலக்கூறையும் எடை போட்டுப் பார்க்கும். எது போதை மருந்து எது சளி மாத்திரைன்னு பிரிச்சுக் காட்டிடும். உள்ள வந்து நானே சொல்றேன்."

தம்பி பேனாவை மூடினான். தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தான். அவன் முகம் மலரும் என்று காத்திருந்தாள். மலர்ந்தது, பாதி.

"ஏங்க்கா," என்றான், "இதே பட்டை உன்னைப் பிடிச்சிருந்து, நான் தொடலைடான்னு நீ சொல்லியிருந்தா, எனக்கு அதுவே போதும்."

மேலாளர் அறைக் கதவு திறந்து இவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து முன்னால் போனான். இவள் பின்னால் போனாள்.