ஒன்பதாவது பொருள்: நிபியாவுக்கு ஒரு ஸ்டூல்

1

இந்தக் கதையை ஒரு நோட்டிலிருந்து திருடினேன். திருட்டு என்று சொல்வதும் பொருந்தாது. நோட்டில் இருப்பது என் கையெழுத்துதான். மோன்டெவிடியோவில் எங்கள் பாஸ்தா ஆலையின் மினிட் நோட்டு அது. பதினான்கு தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஆலை. முதலாளி கிடையாது. அதற்குப் பதிலாகக் கூட்டங்கள் உண்டு. கூட்டங்களுக்குச் செயலாளர் நான்.

போன வாரம் பழைய பக்கம் ஒன்றைத் தேடும்போது இந்த வரி கண்ணில் பட்டது: ‘ஒன்பதாவது பொருள், தோழர் நிபியாவின் ஸ்டூல். நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது.’ பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த மாதமும் அதே வரி. அதற்கடுத்த மாதமும். எண்ணினால் பதினொன்று வந்தது. கடைசி இரண்டு மாதங்களில் கை வலித்ததோ என்னவோ, ‘தள்ளப்பட்டது’ என்பதை ‘த.ப.’ என்று சுருக்கியிருந்தேன்.

அந்த ‘த.ப.’வைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் சிலர் மன்னிப்புக் கேட்பார்கள். நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். (‘உட்கார்ந்துவிட்டேன்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குத்தும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘கூட்டங்களைத் திறம்பட நடத்துவது எப்படி என்ற இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய வால்டெமாரின் கையில் ஒரு பச்சைக் கோப்பும், முகத்தில், ஞானஸ்நானம் முடிந்த குழந்தையின்—’

சரிவரவில்லை. இரண்டாவது:

‘எங்கள் ஆலையில் கடிகாரம் கிடையாது. முதலாளி கம்பி நீட்டிய அன்றைக்கே, அவர் வாசலில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி—’

இதுவும் இல்லை. மூன்றாவது:

‘பிப்ரவரி மாதத்தில் இருபத்தொன்பதாம் தேதி எப்போது வருகிறது என்ற கேள்விக்கு எங்கள் கூட்டுறவு ஆண்டுதோறும் விடை—’

பேனாவை வைத்துவிட்டு மூன்றையும் படித்தேன். மூன்றிலும் நிபியா இல்லை. கதையிலும் அவளைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்! செயலாளர் புத்தி.

ஆகவே நான்காவது தொடக்கம், இதுதான் உண்மையானது:

நிபியா நின்றுகொண்டிருந்தாள்.

3

இருபத்தோரு வருடங்களாக நிற்கிறாள், ஞோக்கி இயந்திரத்தின் முன்னால். வேகவைத்த உருளைக்கிழங்கும் மாவும் ஒரு பக்கம் போகும். மறுபக்கம் கட்டைவிரல் நுனி அளவுக்கு உருண்டை உருண்டையாக ஞோக்கி விழும். இந்த ஊரில் மாதா மாதம் இருபத்தொன்பதாம் தேதி வீட்டுக்கு வீடு ஞோக்கிதான். அதற்கு முந்தைய மூன்று நாளும் அவள் பத்து மணி நேரம் நிற்பாள். ஐம்பத்தெட்டு வயது. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். உட்கார்ந்து வேலை செய்யாவிட்டால் நான் பொறுப்பல்ல என்று வைத்தியர் எழுதியே கொடுத்துவிட்டார்.

ஒரு ஸ்டூலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். முடியாது. முதல் கூட்டத்தின் முதல் தீர்மானம் அப்படி: ‘வேலைத்தளத்தில் இனி யாருக்கும் தனி நாற்காலி கிடையாது. நாற்காலிகள் அனைத்தும் கூட்டங்களுக்கே.’ பழைய முதலாளி ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆலை முழுக்க உருண்டு வந்து எங்களை மேய்த்தவர். அந்த ஆத்திரம். அன்றைக்குக் கைதட்டல் அடங்கக் கால் மணி நேரமாயிற்று. அதை மாற்ற வேண்டுமானால் இன்னொரு தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும். கூட்டம் அவள் பொருளுக்கு வந்துசேர வேண்டும்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான் நிகழ்ச்சி நிரலை ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

“யோவ் பேனா, இந்த மாசமாவது வருமா?”

(என்னை ஆலையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

“வரும் நிபியா. ஒன்பதாவதா போட்டிருக்கேன்.”

“மொத்தம் எத்தனை?”

“...ஒன்பது.”

“கடைசின்னு சொல்ல வாய் வரல பாரு உனக்கு.” மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையை என்னிடம் நீட்டினாள். உறிஞ்சினேன், வழக்கத்தைவிடக் கசந்தது. “இந்தத் தடவையும் தள்ளினீங்கன்னா நான் பைசாந்துவுக்குப் போயிடுவேன். அங்க என் தங்கச்சி பட்டன் கடை வச்சிருக்கா. உட்கார்ந்துக்கிட்டே விக்கலாம்.”

“பட்டனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“நாலு ஓட்டை. மிச்சத்தை உட்கார்ந்து யோசிச்சா வெளங்கிடும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று மாலை அவள் அலமாரியில் மாட்டியிருந்த பேரன் படத்தைக் காணவில்லை.

4

இனி வால்டெமார் வரலாம்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவனை வில்லனாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் வால்டெமார் நல்லவன். எங்கள் தலைவன், சரக்கு வண்டி ஓட்டுகிறவன். எங்கள் கூட்டங்கள் ஆறு மணி நேரம் ஓடி, ஒன்றும் முடிவாகாமல், ஆளாளுக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்க்கச் சகிக்காமல், சொந்த விடுப்பில் அந்தப் பயிற்சிக்குப் போனான். திரும்பி வந்து ஜனவரிக் கூட்டத்தில் பச்சைக் கோப்பைத் திறந்தான்.

“தோழர்களே, ஒவ்வொரு பொருளுக்கும் மூணு இருக்கணும். நோக்கம், பொறுப்பாளர், நேரம். நேரம் முடிஞ்சா பேச்சு முடிஞ்சுது. முடிவு வரலேன்னா அந்தப் பொருள் அடுத்த மாசம், கடைசி இடத்துக்கு.”

“நேரத்தை எதை வச்சுப் பாக்கிறது?” என்று கேட்டான் பொட்டலம் கட்டும் எல்பியோ. “கடிகாரத்தைத்தான் நாமளே கழட்டிட்டோமே.”

“கைபேசி.”

“யாரோட கைபேசி?”

இந்தக் கேள்விக்கு நாற்பது நிமிடம் ஆனது. யார் கைபேசியை நம்புவது, அவர் முதலாளி ஆகிவிடமாட்டாரா, எல்லாருடையதையும் ஒன்றாக அடிக்கவிட்டால் எது முதலில் அடித்தது என்று யார் பார்ப்பது. கடைசியில் எல்பியோதான் மேசையைத் தட்டினான்.

“ஏம்ப்பா, நாம பாஸ்தா ஆலையா, கடிகாரக் கடையா? பானைய வைங்க! ஞோக்கியப் போட்டா மூணு நிமிஷத்துல மேல மிதக்கும். மிதந்துச்சா, பேச்சு முடிஞ்சுது. அது யாருக்கும் சொந்தக்காரன் கிடையாது.”

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். சின்ன விஷயத்துக்கு ஒரு ஞோக்கி, நடுத்தர விஷயத்துக்கு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும் பூரணம் வைத்த ரவியோலி ஒன்று, பெரிய விஷயத்துக்கு அடுப்புக்குள் அடுக்கடுக்காக நிதானமாய் வேகும் லசாஞ்யா என்று வகுத்தோம்.* பானையைப் பார்த்துக்கொள்ள நிபியா. ஞோக்கி விஷயத்தில் அவளைவிட நம்பகமானவர் யார்?

ஆக, பதின்மூன்று பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். அவள் அடுப்பருகே கரண்டியோடு நிற்பாள். அதிலிருந்த வேடிக்கையை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்க—

[‘நானும் கவனிக்கவில்லை’ என்று எழுதினால் கதைக்கு நல்லது. ஆனால் கவனித்தேன். கவனித்துவிட்டு, ‘நேரக் காப்பாளர்: நிபியா’ என்று அழகாகக் கோடு போட்டு எழுதினேன்.]

* ஸ்டூல் எந்த வகை என்று என்னைத்தான் கேட்டார்கள். ஞோக்கி என்றேன். ரவியோலி என்று சொல்லியிருக்கலாம்.

5

பிப்ரவரி இருபத்தெட்டு, பிற்பகல்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வால்டெமாரின் முறை வேலை செய்தது. சென்ற கூட்டக் குறிப்பு: ஒரு ஞோக்கி. வண்டியின் பின் டயர்: ஒரு ரவியோலி. மூன்றாவது பொருளாக, இருபத்தொன்பது இல்லாத பிப்ரவரியில் இருபத்தொன்பதாம் தேதியை எப்போது கொண்டாடுவது என்பதற்கு ஒரு லசாஞ்யா ஒதுக்கியிருந்தோம். அது வேகுமுன்பே, பெரும்பான்மை வாக்கில், நேற்றே கொண்டாடிவிடுவது என்று முடிவாயிற்று. அப்படியே எழுதினேன். செயலாளர் எழுதுகிறவர், கேள்வி கேட்கிறவர் அல்லர்.

வேகவைத்ததையெல்லாம் தின்றுகொண்டே நகர்ந்தோம். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, வெளியே வெயில் இருக்கும்போதே வால்டெமார் படித்தான்:

“ஒன்பதாவது பொருள். நிபியாவின் ஸ்டூல். நோக்கம், முடிவெடுத்தல். பொறுப்பாளர், நிபியா. நேரம், ஒரு ஞோக்கி. போடு தாயே!”

நிபியா ஒரு கை ஞோக்கியை அள்ளிப் பானையில் போட்டாள். திரும்பினாள்.

“எனக்கு ஒரு ஸ்டூல் வேணும். அவ்வளவுதான்.”

எல்பியோ கையைத் தூக்கினான். “எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா முதல் தீர்மானம்னு ஒண்ணு இருக்கே. அதை முன்மொழிஞ்சவரையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே. யாரு அது? பேனா, பாத்துச் சொல்லு.”

நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். மூடிவிடலாமா என்று பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“‘முன்மொழிந்தவர்: தோழர் நிபியா எட்செவெரி. கரவொலி.’”

எங்கோ ஒரு நாற்காலி முனகியது. நிபியாவின் முகம் அடுப்புச் சூட்டில் சிவந்ததா, வேறெதிலா, தெரியவில்லை.

“ஆமா, நான்தான் சொன்னேன். அப்ப எனக்கு நாப்பத்தி நாலு. நாப்பத்தி நாலு வயசுக்காரி திமிருல பேசினதுக்கு அம்பத்தெட்டு வயசுக்காரி நிக்கணுமா?”

“அப்படிச் சொல்லல நிபியா...”

“வேற எப்படிச் சொன்ன?”

“இப்ப உனக்குக் குடுத்தா,” என்றான் எல்பியோ, “நாளைக்கு மாவு பிசையறவன் கேப்பான். நாளன்னைக்கு நான் கேப்பேன்.”

“கேளு! உனக்கும் கால் ரெண்டுதானே இருக்கு?”

“ஸ்டூல் சுழலுமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“சுழலாது.”

“சத்தியமா?”

“என் பேரன் மேல சத்தியமா சுழலாது.”

வால்டெமார் பேனாவால் மேசையைத் தட்டினான். “தோழர்களே, நேரம். நிபியா, மிதந்துச்சா?”

நிபியா பானைக்குள் பார்த்தாள்.

“இன்னும் இல்ல.”

6

இங்கேதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

பேச்சு தொடர்ந்தது. ஸ்டூல் ஆலையின் பொதுச் சொத்தா என்று பேசினோம். அவள் லீவில் இருக்கும் நாளில் அது என்ன செய்யும் என்று பேசினோம். “மிதந்துச்சா?” “இல்ல.” எல்பியோ தன் குடலிறக்கத்தைப் பற்றி முதல் தடவையாக எங்களிடம் சொன்னான், மூன்று வருடமாம். மாவு பிசைகிறவன் தன் இடுப்பைப் பற்றிச் சொன்னான். “மிதந்துச்சா?” “இல்ல.” யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒரு பொருளை நாங்கள் அவ்வளவு நேரம் நிதானமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

செயலாளரின் நாற்காலி அடுப்புக்கு ஓர் எட்டு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எனக்குத் தெரிந்தது: பானைக்குக் கீழே நெருப்பு இல்லை. ஞோக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது இடுப்பாலேயே குமிழைத் திருகி அணைத்திருக்கிறாள்.

மற்றவர்களுக்குத் தெரியாதா என்கிறீர்களா? வாழ்நாளெல்லாம் பாஸ்தா செய்தவர்கள். மூன்று நிமிடத்தில் மிதக்க வேண்டியது முக்கால் மணி நேரமாக அடியில் கிடக்கிறது. எல்பியோ பானையைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான், பிறகு தன் குடலிறக்கத்தை மீண்டும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். தெரியாதவன் வால்டெமார் ஒருவன்தான். வண்டி ஓட்டுகிறவன், வீட்டில் அம்மா சமையல்.

7

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: பதின்மூன்று பேரும் ஒன்றாக எழுந்து தங்கள் நாற்காலிகளை அவளிடம் நீட்டுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். பதின்மூன்று நாற்காலியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அதோடு குடலிறக்கக்காரனை நாற்காலி தூக்கவைப்பது பாவம்.

இரண்டு: அவள் பைசாந்துவுக்குப் போய்விடுகிறாள். நான் மாதம் ஒரு முறை பேருந்தில் ஐந்து மணி நேரம் போய் ஒரு பட்டன் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், என் சட்டையில் பட்டன்கள் எல்லாம்— இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மூன்று: உண்மையில் நடந்தது. அதைப் பாதிவரைதான் சொல்ல முடியும்.

வால்டெமாருக்குப் பொறுமை போனது. பச்சைக் கோப்பை மூடினான்.

“நிபியா, கோவிச்சுக்காத. பேனா, நீ பக்கத்துலதானே இருக்க? எழுந்து பாத்துச் சொல்லுப்பா. மிதந்துச்சா, இல்லையா? நீ சொல்றதுதான் நோட்டுல ஏறும்.”

பன்னிரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. நிபியா என்னைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு முறை ‘நேரமின்மையால்’ என்று எழுதியவன் நான். அந்த மேசையில் எப்போதும் உண்மையையே எழுதியவனும் நான்தான். தலைக்குள் ‘த.ப.’ என்ற இரண்டு எழுத்து ஈபோல் சுற்றியது.

எழுந்தேன். பானைக்குள் பார்க்க வேண்டுமானால் எழுந்துதானே ஆக வேண்டும். அவள் எனக்கு வழிவிட்டு நகர்ந்தாள். குனிந்து பார்த்தேன். தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருந்தது. அடியில் ஞோக்கி ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் என் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஒரு நீண்ட பெருமூச்சு; இருபத்தோரு வருடப் பெருமூச்சு என்று எழுதலாம், ஆனால் அது காலணியின் வார் அவிழும் சத்தத்தோடு கலந்திருந்தது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் பார்த்து முடித்துவிட்டேன் என்றாகிவிடும். ஆகவே இன்னும் பானைக்குள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வால்டெமார் பதிலுக்குக் காத்திருக்கிறான். ஒன்பதாவது பொருள் நடந்துகொண்டிருக்கிறது.

நீங்களும் என்னோடு பானைக்குள் பார்த்துவிட்டீர்கள். நெருப்பில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். என் வாயால் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிவிடுங்கள், மிதந்ததா இல்லையா?

அவசரமில்லை. அவள் உட்கார்ந்திருக்கிறாள்.