பதினாறு வீட்டுத் தண்ணீர்

எங்கள் ஈப்போ இலக்கிய வட்டத்தில் பதினேழு பேர். பதினைந்து பேர் கவிஞர்கள், ஒருவர் தலைவர், மிச்சம் நான். எனக்குக் கவிதை எழுதத் தெரியாது, தட்டச்சு தெரியும். அதனால் செயலாளர் ஆக்கினார்கள். பொன்னாடை போர்த்துவதும் போர்த்திக்கொள்வதும்தான் எங்கள் ஆண்டுத் திட்டம். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதை எங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வருஷம் தலைவர் காசிவிஸ்வநாதன் 'இலக்கியக் கலைச்சொற்களை அறிவோம்' என்று ஒருநாள் பட்டறை வைத்தார். உவமை, உருவகம், படிமம், குறியீடு எல்லாவற்றையும் அவரே விளக்குவாராம். எடுத்துக்காட்டுக்குப் பொதுமக்கள் எழுதி அனுப்பலாம், தேர்வானவை ஒய்.பி. முன்னிலையில் வாசிக்கப்படும் என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டேன். ஒய்.பி. என்றால் சட்டமன்ற உறுப்பினர். அவர் பெயரைப் போட்டால்தான் நாற்காலி நிறையும்.

நாற்பது வந்தன. முப்பத்தொன்பதில் நிலா இருந்தது. நாற்பதாவதை அனுப்பியவள் விமலா, சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவள்.

ஒய்.பி. அவர்களுக்கு,
குழாயைத் திறந்தால் சிவப்பாக வருகிறது.
மூன்று மாதமாக இப்படித்தான்.
வெள்ளைச் சட்டை துவைக்க முடியவில்லை.
பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி.
பதினாறு வீடு.
யாரும் வந்து பார்க்கவில்லை.

அதன் கீழே ஒரு கைப்பேசி எண். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக்கூட இது மனு என்று தெரியும். வாக்கியம் முடிந்ததும் அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். எங்கள் தலைவருக்கோ வரி உடைந்தால் கவிதை.

"தனேஸ்வரன், இதப் பாருங்க. சிவப்பு, தோட்டத் தொழிலாளியோட ரத்தம். பதினாறு வீடு, பதினாறு பேறு. ஒரு பேறும் இல்லாத வாழ்க்கைன்னு குத்திக் காட்டுறாங்க. என்ன அங்கதம்."

"பதினாறு வீடுதான் இருக்கோ என்னவோ, தலைவரே."

"கவிஞன் சும்மா கணக்குச் சொல்லுவானா?"

"கடைசியில ஃபோன் நம்பர் இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அது ஓசையக் கெடுக்குது. எடுத்துருங்க. மேல ஒய்.பி. பேரும் வேணாம்."

எடுத்துவிட்டேன். பட்டறைக்கு நான் தட்டச்சு செய்த கையேட்டில், குறியீடு என்ற தலைப்பின் கீழ் பக்கம் கச்சிதமாக அமைந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

பட்டறை அன்று விமலா இரண்டு பஸ் மாறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. தலைவர் அவளுடைய ஏழு வரியை, இப்போது ஆறாகிவிட்டதை, நாற்பது நிமிடம் விளக்கினார். வெள்ளைச் சட்டை களங்கமில்லாத மனமாம். சொறி என்பது சமூகத்தின் அரிப்பாம். ஒய்.பி. தலையாட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தார்.

அவளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து ஒய்.பி.யின் முன்னால் வைத்தாள். பாலில்லாத தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர், அடியில் மண்.

"இன்னிக்குக் காலையில எங்க வீட்டுக் குழாயில புடிச்சது, ஒய்.பி. நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும்."

தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா, குறியீட்டையே கையில கொண்டு வந்துட்டாங்க."

கைதட்டினார்கள். பதினைந்து கவிஞர்களும் தட்டினார்கள். விமலா அது அடங்கும்வரை நின்றாள். பிறகு போத்தலைத் தலைவர் பக்கம் தள்ளினாள்.

"குறியீடுதானே சார். ஒரு வாய் குடிங்கலா."

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் மினரல் வாட்டரைத் தேடினார். அந்த ஒரு நிமிடத்துக்காக அவரை இருபது வருஷம் பொறுத்துக்கொண்டது தகும் என்று நினைத்தேன்.

ஒய்.பி. எழுந்தார். தைப்பிங்கில் இன்னொரு நிகழ்ச்சியாம். "ஆழமான கவிதை. உங்க விவரம் இருந்தா என் ஆளுங்க கூப்பிடுவாங்க."

"எல்லாம் இதுல இருக்கு, ஒய்.பி." என்று தலைவர் எங்கள் கையேட்டை அவர் கையில் கொடுத்தார். ஒய்.பி. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

உவமைக்குப் 'போல' வேண்டும். 'போல'வை எடுத்தால் உருவகம். புரிந்தும் ஒன்றும் செய்ய மனமில்லாவிட்டால் குறியீடு. இதை எழுதித் தலைவருக்கு அனுப்ப வேண்டும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினேன்.

விமலா பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்கதானே அந்த புக்க டைப் பண்ணீங்க?"

"ஆமாமா."

"என் நம்பர் அதுல இருக்குல்ல? கூப்பிடுவாங்கல்ல?"

நம்பர் இல்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஒய்.பி.யின் கார்கூட அப்போதுதான் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஊரையே நையாண்டி பண்ணுகிற என் வாய்க்கு அது வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"இருக்கு," என்றேன்.

அவள் கைப்பேசியை எடுத்து மணிச்சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.