ஆறப் பொறுக்காதவள்

மூடியை மறுபடியும் தூக்கிப் பார்த்துவிட்டாள் ஆராய்ச்சிக்காரி. அடுத்த மேசைக்காரன் கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காது என்பதெல்லாம் அடுப்படிக்கு மட்டுமா என்ன?

வேலை என்னவோ சின்னதுதான். கண்ணாடித் துண்டில் பிளாஸ்டிக் கரைசலைச் சொட்டி, சுழற்றி, ஈரம் காய்வதற்குள் மூடிவிட வேண்டும். உள்ளே ஆவி தங்கினால் படலம் மெல்லக் காயும். மூலக்கூறுகள் இடம் பார்த்து வரிசையாக உட்காரும். ஆரஞ்சு நிறம் கறுத்து ஊதாவாகும். அப்படிக் காய்ந்த படலம்தான் வெயிலை ஒழுங்காக மின்சாரமாக்கும். நடுவில் திறந்தால் போயிற்று. கூட்டப் பேருந்தில் கிடைத்த இடத்தில் சாய்ந்தவர்கள் மாதிரி தாறுமாறாக உறைந்துவிடும்.

அவளுக்கு ஒரே ஒருமுறைதான் ஊதா வாய்த்தது. பேராசிரியர் அதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். "இன்னொண்ணு செஞ்சு காட்டும்மா. இல்லன்னா உன் வேலையை நீட்டிக்கச் சொல்லி நான் எந்த மூஞ்சியோட போய்க் கேப்பேன்?" என்கிறார் இப்போது.

அந்த ஒருமுறை அவள் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பது கட்டடத்துக்கே தெரியும். தாழ்வாரத்தில் நின்று தங்கையோடு போனில் சண்டை. "அம்மாவை நான் எங்கடி வெச்சுப் பாக்கறது? எனக்கு லேப் இருக்கு. முடியலன்னா ஏதாவது முதியோர் இல்லத்துல விடு!" கத்தி முடித்துத் திரும்பியபோது படலம் தானாகவே பழுத்திருந்தது.

"ஏன்க்கா, தங்கச்சிகூட இன்னொரு சண்டை போட்டுட்டு வாங்களேன்" என்றான் அடுத்த மேசைக்காரன்.

கிண்டல்தான். ஆனால் முழுகுகிறவளுக்குத் துரும்பும் தோணி. புதுப் படலத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய்த் தங்கையைக் கூப்பிட்டாள். அன்றைக்குப் பிறகு இருவரும் பேசியதில்லை. கேட்க வேண்டிய நாலு கேள்வியையும் நாக்கு நுனியில் தீட்டி வைத்திருந்தாள்.

"சொல்லுக்கா."

"என்னடி, ஒரு போன் பண்ணக் கூட ஆகாதா உனக்கு? அம்மா எப்படி இருக்காங்க?"

"நீ சொன்ன மாதிரியே இல்லத்துல விட்டுட்டேன்க்கா." குரலில் மருந்துக்கும் கோபமில்லை. "நேத்துப் பாக்கப் போனேன். பையைக் கட்டி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. லேப் முடிஞ்சதும் பெரியவ வந்து கூட்டிட்டுப் போயிடுவாளாம். சரி, வெச்சிடறேன்."

சண்டைக்கு ஆள் இல்லை. இணைப்பு அறுந்த போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் நின்றாள்.

"அக்கா, நிறம் மாறுது! வந்து பாருங்க!" உள்ளேயிருந்து அடுத்த மேசைக்காரன் கத்தினான்.

கதவுக் கண்ணாடி வழியே தெரிந்தது. மூடிக்குள், ஓரத்திலிருந்து, யாரும் தொடாமல் ஊதா மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.