இருபது சொல்லுக்கு மேல்

‘தடால்!’

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அலுவலகமே திரும்பிப் பார்த்தது. போன் ஒன்று பறந்துபோய்ச் சுவரில் மோதிக் கீழே கிடந்தது. எறிந்தவரைப் பார்த்ததும் எடுத்த கவளம் பலருக்கும் வாய்க்குப் போகவில்லை. ஆறு வருடத்தில் ஒருநாளும் கோபத்தில் ஒரு காகிதத்தைக்கூட எறியாத மனிதர். கழுகுக்கண்!

அது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். பதினெட்டு வயதிலேயே அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆனால் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் எந்தப் பிழையும் தப்பாது. கம்பெனி செய்வது போட்டோ ஆல்பம் ஆப். பார்வை இல்லாதவர்களும் அதைத் தட்டுத்தடுமாறாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது அவர் வேலை. ‘இந்தப் பட்டன் ஊமை’, ‘அந்தப் படத்துக்கு விவரமே இல்லை’ என்று அவர் அனுப்பும் புகாருக்கு மேனேஜரே நடுங்குவார்.

புரோகிராமர் பெண் ஓடிவந்து போனைப் பொறுக்கினாள். நல்லவேளை, ஓரத்தில் கீறலோடு தப்பியிருந்தது.

“என்னாச்சுண்ணே?”

“நீயே கேளு.”

ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். யாரையும் அதைத் தொடக்கூட விடாதவர். அவள் தயங்கித் தயங்கி மாட்டிக்கொண்டாள்.

‘ஒரு சிறுமி. கதவு. பகல்’ என்றது போனின் குரல்.

“சரியாத்தானே சொல்லுதுண்ணே?”

“சரியாத்தான் சொல்லுது. நேத்துவரைக்கும் அங்க என் பொண்டாட்டி இருந்தா.”

கம்பெனி ஆப்பிலேயே அவர் வைத்திருந்த குடும்ப ஆல்பத்தில் நாற்பத்தொரு படங்கள். மூன்று வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஒவ்வொரு படத்துக்கும் என்னன்னு எழுதி வெக்கிறேன். நான் இல்லாட்டியும் கேட்டுக்கிட்டு இருங்க. நிம்மதியா இருக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க!” அவள் போன மறுவாரம் மகள் போனைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். ‘அம்மா எழுதி முடிச்சிருக்காங்கப்பா.’ அன்றிலிருந்து மதியம் ஒரு படம். காதில் மாட்டிக்கொண்டு, தனக்கு மட்டும். நக்கலும் நையாண்டியுமாக அப்படியே அவள். நாற்பத்தொன்று முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

புரோகிராமர் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணே... அவங்க எழுதினது கொஞ்சம் நீளமா இருக்குமா?”

“நீளமா? அவ வாயைத் தொறந்தா மூடுவாளா?”

“காலையில புது வெர்ஷன் போச்சுண்ணே. இருபது சொல்லுக்கு மேல இருக்கிற விவரத்தை எல்லாம் எடுத்துட்டு, மெஷினே சுருக்கமா எழுதிடும்.”

“எந்த மடையன் போட்ட ரூல் அது?”

கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். போட்டது அவரேதான். ஒரு பூந்தொட்டிப் படத்துக்குக் கவிதை எழுதி வைக்கிறார்கள், கேட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது என்று போன மாதக் கூட்டத்தில் பொரிந்து தள்ளியது அவர்தான். ‘கண்ணு தெரியாதவனும் பஸ் பிடிக்கணும்யா! இருபதுக்கு மேல போனா குப்பை!’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“பழசுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?”

அவள் போனின் கீறலை விரலால் தேய்த்தாள்.

“சொல்லும்மா.”

“எடுக்கட்டுமான்னு உங்ககிட்டதாண்ணே கேட்டேன். ‘குப்பைக்கு எதுக்கு பீரோ?’ன்னீங்க.”

நுணலும் தன் வாயால் கெடும். இருந்தாலும் அவள் சாப்பிடாமல்கூட நாலு மணிவரை கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் குடைந்தாள். எங்கும் இல்லை. வந்து நின்று விசும்பியவளிடம், “நீ எதுக்கு அழுவுற? சொன்னதைத்தானே செஞ்ச” என்றார். கைத்தடியைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது.

வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“என்னப்பா, சீக்கிரமா? மேனேஜரைத் தொரத்திட்டீங்களா?”

அவர் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உங்கம்மாவை அழிச்சுட்டேன்டா.”

எல்லாவற்றையும் சொன்னார்.

“மனப்பாடம் பண்ணியிருக்கலாம். எங்க போகப்போகுதுன்னு விட்டுட்டேன். ஒரு கால்ல மட்டும் ஷூன்னு உன் படத்துக்கு எழுதியிருந்தா. அதுக்கப்புறம் என்னமோ வரும், கேக்கும்போதெல்லாம் சிரிப்பேன். என்னன்னு வரமாட்டேங்குதுடா...”

மகள் அவர் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். மெல்லச் சொன்னாள்:

“உங்க பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து நிக்கிறா. ஒரு கால்ல மட்டும்தான் ஷூ. இன்னொண்ணு எங்கடின்னு கேட்டா வானத்தைப் பாக்குறா. அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு, வேற எப்படி இருக்கும்?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பிறகு இரண்டும் நின்றது. சோதிக்கிறவர் புத்தி விழித்துக்கொண்டது.

“பதினேழாவது படம்?”

“மொட்டை மாடியில துணி காயப்போடுறீங்க. சட்டை எல்லாம் உள்பக்கம் வெளிய. போட்டுட்டு ராஜா மாதிரி வேற நிக்கிறீங்க. கூப்பிட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். ஆனா அந்த நிமிஷம் அழகா இருந்தீங்க, விட்டுட்டேன்.”

கேட்கக் கேட்க அவருக்கும் நினைவு வந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

அவர் கையை நீட்டினார். மகளின் கன்னம் நனைந்திருந்தது.

“ஹெட்போன் இல்லாம நான் ஒருநாளும் கேட்டதில்ல. உன்னைக்கூடக் கேக்க விட்டதில்ல. உனக்கு எப்படிம்மா தெரியும்?”

மகள் அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“அம்மாவால மூணு எழுத்துக்கு மேல தட்ட முடியலப்பா... நாப்பத்தொண்ணையும் அவங்க பேசுற மாதிரியே எழுதினது நான்.”